காமினி பறக்கிறாள்

நான்கு தடியன்கள் சேர்ந்து காமினியைத் தீயில் தள்ளியபோது ரூபினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெந்து சாகட்டும் என்று மனசுக்குள் சபித்தாள்.

ஆனால் அது நிஜத் தீ இல்லை. ஆரஞ்சு விளக்கு, கீழேயிருந்து காற்றடிக்கும் விசிறி, படபடக்கும் பட்டுத்துணி, கொஞ்சம் புகை. தங்க முகமூடி போட்ட ராணி அதில் விழுந்ததும் மேடைப் பலகை திறந்து அவளை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அடுத்த மூன்றாவது நொடி, அதே தங்க முகமூடியோடு மண்டபத்தின் பின்கூரையிலிருந்து ராணி பறந்து வருவாள். பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரமே வாயைப் பிளந்தது இந்த ஒரு காட்சிக்குத்தான். பறப்பது டூப். அந்த டூப்தான் ரூபினி.

இடுப்பில் ஒரு பெல்ட், இரண்டு கம்பி. கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

"காமினி! காமினி!" என்று மண்டபம் அலறியது. மூன்றாவது வரிசையில் அவளுடைய அம்மா வள்ளியம்மாவும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் ஏறி, மகள் உடுப்புத் தைத்த நாடகத்தைப் பார்க்க வந்தவள். அப்படித்தான் ரூபினி சொல்லி வைத்திருந்தாள். பெற்ற தாயிடம்கூட உண்மையைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

பெற்றவளே தலைக்கு மேல் பறக்கும் மகளுக்கு இன்னொருத்தி பேரைச் சொல்லிக் கை தட்டுகிறாள்.

இன்று ஞாயிறு மத்தியானம், இதுதான் கடைசி ஷோ. காலையிலேயே டைரக்டர் யுகேந்திரனிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சதும் ஒரே நிமிஷம் சார். முகமூடிய கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டுக்கறேன். எங்கம்மா பாக்கணும்."

"எனக்கு ஓகேலா, தங்கச்சி. காமினி ஒத்துக்கமாட்டாங்க."

"நானே அவங்ககிட்ட கேக்கறேன்."

"சபார்லா, கொஞ்சம் பொறு! நீ அவங்கள பாக்கக்கூடாது. அதான் ரூல், தெரியும்ல?"

தெரியாமல் என்ன? தங்கியிருக்கும் சுங்கை பினாங்கிலிருந்து மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்து, பின்சந்து வழியாக நுழைந்து ஏணி ஏறிவிட வேண்டும். கூட்டம் கலையும்வரை இறங்கக்கூடாது. இரண்டு தங்க முகமூடிகளை ஒன்றாக எவனாவது ஹேண்ட்போனில் பிடித்துவிட்டால் மாயம் செத்துப்போகுமாம். இரண்டு மாதமாகியும் காமினியை அவள் வாசல் போஸ்டரில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த மகாராணி மட்டும் என்ன கிழித்துவிட்டாள்? முகத்தைக் காட்டுவதில்லை. பாட்டை முன்னாலேயே பதிவு செய்து கொடுத்துவிட்டாள், மேடையில் வாயே திறப்பதில்லை. நடக்கிறாள், விழுகிறாள், அவ்வளவுதான். நோகாமல் நோன்பு கும்பிடுகிறவள்!

கடைசிப் பாட்டு முடிந்தது. வெறும் முகமூடி ஒன்று உயரத்திலிருந்து மேடையில் விழுந்து உருண்டது. ராணி காற்றோடு கலந்துவிட்டாள், வணக்கம் சொல்லக்கூட வரமாட்டாள். அதுவும் மாயத்தில் ஒரு பங்காம்.

திரை மூடியும் கைதட்டல் நிற்கவில்லை. இப்போது போய்க் காமினியைச் சம்மதிக்க வைத்தால்கூட அம்மா தன்னைப் பார்த்துவிடுவாள். ரூபினி கம்பியைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

"ஏய், எங்க போற? கூட்டம் இன்னும் இருக்குலா!" என்று கம்பி இழுக்கிற வாசு பதறினான்.

"இருக்கட்டும்ணே. அதுக்குத்தான் போறேன்."

மேடைக்கு அடியில் காமினியின் ரூமுக்கு இறங்கும் படியில் யுகேந்திரன் கையை விரித்துக்கொண்டு மறித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அந்த ரூமுக்குப் போவாத ரூபினி! சொன்னா கேளு!"

"இன்னைக்கு அவ மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்காம போவமாட்டேன் சார்!"

அவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கதவை உதைத்துத் திறந்தாள்.

உள்ளே தங்க முகமூடி தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு ஜோடி சிலிப்பர். ஓ, எளிமை வேறா! ரூபினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னா காமினி, கால் வலிக்குதோ? முப்பது அடி உசரத்துல தொங்குறவ நான்! எங்கம்மா அங்க நின்னு உங்க பேர சொல்லி கத்துறாங்க. ஒரே ஒரு கும்பிடு கேட்டேன். அதக்கூட குடுக்க மனசு வரலல்ல? நீங்கல்லாம் மனுஷிதானா?"

முகமூடி மெல்ல எழுந்து நின்றது. கைகள் பின்தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்து முகமூடியைத் தூக்கி எறிந்தன.

போஸ்டரில் இருந்த முகம் இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத யாரோ ஒரு பெண், கண் இரண்டும் சிவந்திருந்தன.

ரூபினி ஓரடி பின்வாங்கினாள். "நீ... நீ யாரு? காமினி எங்க?"

"டூப்பு. மாக் மண்டின்லேர்ந்து வரேன். அடி வாங்குறதும் குழியில விழுறதும் நானு, பறக்குறது மட்டும் காமினின்னு டைரக்டர் சொன்னாரு."

வாசலில் வந்து நின்ற யுகேந்திரன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மேலே மண்டபம் இன்னும் காமினியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ரூபினியின் இடுப்பில் இருந்த பெல்ட்டையே பார்த்தாள்.

"ரெண்டு மாசமா உங்களதான் காமினின்னு நினைச்சி திட்டிக்கிட்டு இருந்தேன்க்கா!"