மேடைக்கு முதுகு

அந்தக் காவலாளி மறுபடியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதானம் கொள்ளாத கூட்டம். மேடையில் கிடார் கதறுகிறது, டிரம்ஸ் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அடிக்கிறது. அத்தனை கண்ணும் ஒரே பக்கம். இவன் ஒருத்தன் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, இவர் முகத்தில் கண்ணை நட்டு வைத்திருக்கிறான்.

இவர் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது தொழில். பகலெல்லாம் ஜன்னலில்லாத அறையில் பிளாஸ்டர் தாடைகளோடு குடித்தனம். அவை சிரிக்கும், பேசாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சிரிப்பும் இல்லை. துணை என்று மிஞ்சியது இந்த இசைக்குழுவின் பாட்டுகள்தான். பல்லை ராவிக்கொண்டே கூடப் பாடுவார். ஒரு வார்த்தை பிசகாது.

இந்தக் கச்சேரிக்கு மகளைக் கூட வரச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். "நீங்க அங்க குதிக்கறதை எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுட்டா, நான் ஆபீஸ் போக வேண்டாமாப்பா?" என்றாள். தனியாகவே வந்துவிட்டார்.

பக்கத்தில் பச்சை முடிக்காரப் பெண் ஒருத்தி, தோழிகளோடு.

"அந்த ஆளு ஏம்மா என்னையே முறைக்கறான்?" என்று கத்திக் கேட்டார்.

"அவங்க மேடையைப் பாக்கக் கூடாது அங்கிள். கூட்டத்தைத்தான் பாக்கணும். அதான் டியூட்டி."

"இவ்வளவு பெரிய கூட்டத்துல நான் ஒருத்தன்தானா கிடைச்சேன்?"

"எங்கயாவது மயங்கி விழுந்துடுவீங்களோன்னு பயமா இருக்கும்!"

தோழிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

பெரிய திரையில் பாடகரின் முகம் வந்தது. மேல்வரிசை சொந்தப் பல் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பினார். பச்சை முடிக்காரி போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

அடுத்த பாட்டு. கண்ணை மூடிப் பாடினார். திறந்தால், காவலாளியின் உதடு அசைகிறது.

இவர் நிறுத்தினார். அவனும் நிறுத்தினான். இவர் ஒரு வரியை இழுத்தார். அவனும் இழுத்தான், அதே வாய்க்கோணலோடு.

நக்கல்!

காது மடல் சூடேறியது. இன்னும் கடைசிப் பாட்டு பாக்கி. அதற்காகத்தான் வந்ததே. வீட்டில் அவர் ஒரு வரி பாட, மனைவி சமையலறையிலிருந்து அடுத்த வரியைத் தப்புத் தப்பாகப் பாடுவாள். அவள் போன பிறகு அதை அவர் வாய்விட்டுப் பாடவில்லை. இங்கே இத்தனை சத்தத்தில் பாடி அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தார். இந்த நெட்டைக் காவலாளி எதிரே நின்று வேடிக்கை பார்த்தால் எப்படி அழுவது?

"இடத்தைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர்க் கூடாரத்துக்குப் போனார். காவலாளிகளின் மேற்பார்வையாளர் அங்கே நின்றிருந்தார்.

"முன்வரிசையில நிக்கற உங்க ஆளு என்னைக் கேலி பண்றான் சார். நான் பாடினா வாயைக் கோணிக் காட்டறான்."

"எவன், அந்த நெட்டையனா? நீங்க போங்க, நான் கவனிக்கறேன்."

அவர் இடத்துக்குத் திரும்பும்போது நெட்டையனைக் காணோம். வேறொருவன் நின்றிருந்தான். அவன் இவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தான்.

கடைசிப் பாட்டு வந்தது. பாடினார். அழவும் செய்தார். யாரும் பார்க்கவில்லை. நினைத்தபடியேதான் நடந்தது. ஆனாலும் என்னவோ, ஜன்னலில்லாத அந்த அறைக்குள் நின்று பாடியது போலவே இருந்தது.

கூட்டம் கலைந்தது. வெளிவாசலில் நெட்டையன். தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தார்.

"சார்! சார், ஒரு நிமிஷம்!"

தொலைந்தோம் என்று நின்றார். அவன் காதிலிருந்த ரப்பர் அடைப்பைப் பிடுங்கிக்கொண்டே ஓடி வந்தான்.

"கடைசிப் பாட்டு பாடினாரா சார்?"

"பா... பாடினார்."

"முழுசாவா?"

"முழுசா."

"அடடா!" அவன் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. "இவங்க பாட்டுன்னா எனக்கு உசுரு சார். கெஞ்சிக் கூத்தாடி இந்த டியூட்டியை வாங்கினேன். வாங்கி என்ன? திரும்பிப் பாக்கக் கூடாது. ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கறதால காதையும் அடைச்சுக்கணும். திம் திம்முன்னு இடிதான் தெரியுது, என்ன பாட்டுன்னே புரியல. அப்பதான் உங்களைப் பாத்தேன்."

"என்னையா?"

"மத்தவங்கல்லாம் கத்தறாங்க சார். நீங்க ஒருத்தர்தான் வார்த்தை வார்த்தையாப் பாடினீங்க. உங்க வாயைப் பாத்தே எந்தப் பாட்டு, எந்த வரின்னு பிடிச்சுக்கிட்டேன். கூடவே பாடவும் செஞ்சேன். உங்க மூஞ்சிதான் சார் எனக்கு மேடை."

பல்செட்டுக்காரர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கடைசிப் பாட்டுக்குத்தான் குடுத்து வைக்கல. எவனோ புகார் பண்ணிட்டானாம், இங்க வாசலுக்குத் தள்ளிட்டாங்க. இங்க வண்டி இரைச்சல்ல ஒண்ணும் புரியல. போகுது விடுங்க. அடுத்த மாசம் இதே மைதானத்துல இன்னொரு குழு வருது. வருவீங்களா சார்? அதே இடத்துல நில்லுங்க. நானும் அங்கயே கேட்டு வாங்கிக்கறேன்."

"வர்றேன் தம்பி."

"அந்தப் புகார்க்காரன் மட்டும் வராம இருக்கணும்."

பல்செட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரமாட்டான் தம்பி" என்றார்.