மாதா வளைவில் திணறும் பிக்கப்

மரியதாஸ் அண்ணனின் பழைய பிக்கப் மாதா சிலை வளைவில் மட்டும் திணறுகிறதாம். வளைவைப் பார்த்தா இன்ஜின் கெடும்? கராஜில் டீசல் பில்டரை மாற்றினேன். குழாயில் காற்று இழுக்கிறதா என்றும் பார்த்தேன். எல்லாம் சரி. எனக்கு அவர்மேல்தான் சந்தேகம்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே, ஓவர் லோடு ஏத்துறீங்களா?"

"வெறும் வண்டிதான் தம்பி. வேணும்னா கூட வந்து பாரு."

மத்தியானம் றக்வானை டவுனிலிருந்து இருவரும் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பின்னால் ஒரு கொழுந்துச் சாக்குகூட இல்லை. வளைவில் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். இன்ஜின் மூன்று முறை விக்கியது. ஒவ்வொரு விக்கலுக்கும் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் பாரவண்டி மாதிரி முனகிக்கொண்டே மேடு ஏறியது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கிட்ட வந்ததும், பின்னாலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது. தோட்டத்தில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். அண்ணன் பிரேக்கை மிதித்தார். பின்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பியது. பிறகு இன்னும் கொஞ்சம்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"போகலாம்ணே" என்றேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இரு தம்பி. இன்னும் ஒரு ஆள் எறங்கணும்."