நேரில் பார்த்த சாட்சி

வைட்ஃபீல்டில் கார் மோதி லவினா இறந்தபோது, அவளுடைய அம்மா ஜோசஃபின் ஊரின் மறுபக்கம், ஃப்ரேசர் டவுன் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காரை ஓட்டியது டிரைவர்தான், தான் இல்லை என்று காரின் சொந்தக்காரன் சுதீர் சாதித்தான். வேறு சாட்சி யாரும் வரவில்லை. ஜோசஃபின் கூண்டில் ஏறினாள்.

"நான் என் பொண்ணு பக்கத்துலயே நின்னேன். ஓட்டினது இவன்தான், கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்து சொன்னாள். சுதீருக்கு ஏழு வருடம் கிடைத்தது.

அவன் மேல்முறையீடு செய்தான். அவள் அங்கே இருக்கவே இல்லை என்று நிரூபிக்க, அவனுடைய வக்கீல் விபத்து நடந்த இடத்துக்கு எதிரே இருந்த பேக்கரியின் கேமரா பதிவைக் கோர்ட்டில் போட்டார்.

திரையில் மாலை ஐந்து நாற்பது. சாலையோரம் லவினா. அவள் பக்கத்தில், வீட்டு நைட்டியோடு, ஜோசஃபின்.

சுதீரின் வக்கீல் பதிவை நிறுத்தினார். "நேத்து ஆபீஸ்ல மூணு தடவை பார்த்தேன், சார். இவங்க இதுல இல்லவே இல்லை."

மேல்முறையீடு தள்ளுபடியானது.

"ஜெயிச்சிட்டோம் மேடம்! இனி யாரும் உங்க சாட்சியை அசைக்க முடியாது" என்று அரசு வக்கீல் கையைக் குலுக்கினார். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க ஜோசஃபின் வாய்விட்டுச் சிரித்தாள். மகளின் தோழிகள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு, பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

லவினா போனைப் பார்த்தபடி சாலையில் இறங்குகிறாள். கார் வருவதை ஜோசஃபின் பார்த்துவிடுகிறாள். கையெட்டும் தூரத்தில் இருக்கும் மகளை அவள் இழுக்கவில்லை. குனிந்து, காரை ஓட்டுவது யார் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.