நாற்பத்தோராவது ஆள்

"செத்தவங்க எத்தனை பேருன்னு முடி வெட்டறவர்கிட்டயா போய்க் கேப்பாங்க?"

இயக்குநர் அறிக்கைக் கோப்பை மேசைமேல் போட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குவளையில் முட்டி நின்றது.

"வேற யார்கிட்ட சார் கேக்கறது?" என்றாள் தசமம்.

புள்ளியியல் அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மூன்று புள்ளி ஏழை யாராவது நான்கு என்று எழுதிவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவாள். இயக்குநருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு, தொப்பி. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாலும் காது மறைய ஒரு கம்பளித் தொப்பி போட்டிருப்பார். தசமம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் பார்க்கிறாள். சளிக்குப் பயந்த மனிதர் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தால் தூங்கிவிடுவார் என்பதால் இன்று பதினொரு மணிக்கே வந்து அவரைப் பிடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். தொற்றுநோய் வந்த வருடம் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று வார்டு வாரியாக அறிக்கை தர வேண்டும். ஆற்றோர வார்டில் மட்டும் இறப்புப் பதிவேடு நான்கு மாதம் வெள்ளையாகக் கிடந்தது. எழுதுகிறவரே காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு யாரும் அந்தப் பேனாவைத் தொடவில்லை.

"பதிவேட்டுல இல்லையா, சைபர் போட்டுட்டுப் போம்மா."

"சைபர் போட்டா அங்க யாருமே கூடுதலா சாகலைன்னு ஆயிடும் சார். புது ஆஸ்பத்திரி வேற வார்டுக்குப் போயிடும். எங்க சித்தப்பா ஆத்தோர வார்டுலதான் செத்துப் போனார். அவரும் உங்க சைபருக்குள்ளதான் இருக்கார்."

இயக்குநர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, சரி. எந்தக் கடை?"

"பாலத்தை ஒட்டி, பச்சைக் கதவு. ஒரே ஒரு நாற்காலி."

இயக்குநர் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவர் ஒரு நோட்டு வச்சிருக்கார் சார். வாடிக்கையா வர்றவங்க முந்நூறு பேர், யார் எப்ப வந்தாங்கன்னு தேதியோட. பேர் கிடையாது, எல்லாம் அடையாளம்தான். 'ரெட்டைச் சுழி', 'தபால்காரர்', 'பேசிக்கிட்டே தலையை ஆட்டறவர்'. சாதாரணமா வருஷத்துக்கு எட்டுப் பேர் வராம நின்னுடுவாங்க. அந்த வருஷம் நாற்பத்தொரு பேர் நின்னுட்டாங்க."

"ஆம்பளைங்க மட்டும்தானே?"

"பொம்பளைங்களுக்குத் தையற்கடை அக்கா அளவு நோட்டு தர்றேன்னிருக்காங்க."

"முடி வெட்ட வரலைன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தமா?" இயக்குநரின் குரல் எகிறியது. "கடை மாத்தியிருப்பான். வழுக்கை விழுந்திருக்கும். வீட்டுலயே வெட்டிக்கிட்டிருப்பான். உயிரோட இருக்கறவனுக்கெல்லாம் சாவுச் சீட்டு எழுதுவியா நீ?"

"அதனாலதான் சார் வீடு வீடா ஏறி இறங்கினேன்." அவள் இன்னொரு தாளை எடுத்தாள். "வழுக்கை நாலு. ஊரை விட்டுப் போனவங்க பத்து. வீட்டுல மனைவி வெட்டி விடறது மூணு. அந்த மூணு பேரையும் கேக்கவே வேண்டியதில்லை, ஆடு மேஞ்ச மாதிரி தலை."

இயக்குநர் இருமினார்.

"இருபத்துமூணு பேர் நிஜமாவே போயிட்டாங்க சார். மத்த வருஷத்துல ரெண்டு, மிஞ்சினா மூணு. இந்த விகிதத்தை வச்சு, குறைஞ்சது இத்தனை, அதிகபட்சம் இத்தனைன்னு வார்டு முழுக்க ஒரு மதிப்பீடு சொல்லிடலாம்."

"கூட்டினா நாற்பதுதான் வருது. நாற்பத்தோராவது ஆள் எங்கே?" இயக்குநர் லேசில் விடுகிற ஆளில்லை. "ஒரு ஆள் இடிச்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தசமத்தின் முகம் சுருங்கிவிட்டது. அவர் கவனிக்காமல் விட்டுவிடுவார் என்று நம்பியிருந்த ஓட்டை அது.

"அவரை மட்டும் கண்டுபிடிக்க முடியலை. 'தூங்குமூஞ்சி'ன்னு எழுதியிருக்கு. வீடு எங்கேன்னு கடைக்காரருக்கே தெரியாது. மாசாமாசம் முதல் சனிக்கிழமை, எட்டு மணிக்கு, முதல் ஆளா வருவாராம். உக்காந்ததும் தூங்கிடுவாராம். பன்னிரண்டு வருஷமா ஒரு கையால தலையைத் தாங்கிக்கிட்டே வெட்டியிருக்கார் அந்த மனுஷன்."

"அதுக்கு?"

"அவரும் போயிட்டார்னுதான் கடைக்காரர் நினைக்கிறார். சொல்லும்போதே கண் கலங்கிடுச்சு. இப்பவும் முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடறதில்லை சார். அரை மணி நேரம் காலியா போட்டு வைக்கிறார்."

இயக்குநரின் தலை தொங்கிவிட்டது. தூங்கிவிட்டாரோ என்று தசமம் குனிந்து பார்த்தாள். இல்லை, கண்களைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"வேற அடையாளம் ஏதாவது?" என்றார் மெதுவாக.

"இடது காதுக்குப் பின்னாடி மிளகு மாதிரி ஒரு மச்சம். அதை வச்சுக்கிட்டு இத்தனை பெரிய ஊர்ல யாரை சார் தேடறது?"

இயக்குநர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சார்! அந்த ஒருத்தர்..."

"மனைவி வெட்டி விடறது மூணு இல்லைம்மா, நாலுன்னு திருத்திக்கோ. சனிக்கிழமை எட்டு மணிக்கு நானே போய்க் கடைக்காரர்கிட்ட சொல்லிடறேன்" என்றபடி இயக்குநர் தொப்பியைக் கழற்றினார்.

மேடும் பள்ளமுமாகக் கத்திரி மேய்ந்திருந்த அந்தத் தலையில், இடது காதுக்குப் பின்னால், மிளகளவில் ஒரு மச்சம் இருந்தது.