வீட்டுப் பேச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களிடம் வீட்டார் பேசினால் பிதற்றல் குறைகிறது என்றது ஓர் ஆய்வு. நர்ஸுகள் கூடி அதை அலசினார்கள்.

"கிருமி வந்தா?" என்றாள் ஒருத்தி.

"கை கழுவ வச்சு ஒரே ஒருத்தர விடுவோம்," என்றாள் ஜெசிந்தா. அவள் கணவர் இறந்தபோது வேறொரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் அவளை நிறுத்தியிருந்தார்கள்.

தலைமை நர்ஸ் சம்மதித்தார். வெளியே காத்திருந்த செண்பகவல்லியை ஜெசிந்தாவே உள்ளே அழைத்துவந்தாள்.

"என்ன பேச, சிஸ்டர்?"

"வீட்ல பேசுறதத்தான்."

செண்பகவல்லி புருஷன் காதருகே குனிந்தாள். "எரும யாரையும் கிட்ட விடமாட்டேங்குது. நீங்க வந்துதான் கறக்கணும்."

பிதற்றிக்கொண்டிருந்தவர் வாய் ஓய்ந்து காதுகொடுத்தார்.

ஜெசிந்தா திரையை இழுத்துவிட்டு மருந்து அறைக்குப் போனாள். அங்கே யாருமில்லை.

"சமையக்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகிட்டுதாங்க இருக்கு," என்று வாய்விட்டுச் சொன்னாள்.