லிப்டுக்குத் தேய்மானம்

இப்போதெல்லாம் மனுஷனுக்கு மூச்சு வாங்கினால் ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை, மோட்டாருக்கு மூச்சு வாங்கினால் குடியிருப்பே கூடிவிடுகிறது என்று முணுமுணுத்தார் சடையப்பன். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அன்றுதான் திரும்பிய மனைவி பேச்சியம்மாளால் ஆறு மாடி ஏற முடியாது. கட்டடத்து இயந்திரங்களைப் பராமரிக்கும் கணினியோ, ஆள் ஏறினால் லிப்ட் தேயுமென்று கதவைத் திறப்பதில்லை.

"மிஷின் ஏத்த மட்டும்தான் பெரியவரே. பிரிட்ஜுன்னா உடனே திறக்கும்," என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் லோகநாதன்.

"அப்ப என் பொண்டாட்டிய பிரிட்ஜுக்குள்ள வச்சுக் கொண்டாரட்டுமா?"

பேச்சியம்மாள் தளர்ந்துபோய்க் கதவில் சாய்ந்தாள். கதவு திறந்தது. "பேஸ்மேக்கர் ஒன்று. புதியது. வருக," என்றது லிப்ட். அவளை ஏற்றிக்கொண்டு, சடையப்பன் நுழையுமுன் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா, அதுக்கும் இரக்கம் இருக்கு."

"அவ மேலயா? உள்ள இருக்கிற டப்பா மேலதான்யா," என்று சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்தபடி படியேறினார் சடையப்பன்.