நாற்பத்தோராவது போன்

போன் ரிப்பேர் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் பாகவதர். பாராட்டி வைத்த பெயர் இல்லை.

மூட்டை தூக்கியே முதுகு வளைந்துபோன அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தானே பாடி, பாட்டு கேட்கிற ஆப் ஒன்றில் ஏற்றியிருந்தார். ஒரு வருடத்துக்குள் ஆயிரம் முறை ஓடாத பாட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது என்பது கம்பெனி சட்டம். பதினோரு மாதத்தில் நூற்றுப்பன்னிரண்டு முறை ஓடியிருந்தது. அதில் நூறு, அவரே கேட்டது. மீதி கை தவறிப் பட்டதாக இருக்கும்.

"நீயாவது கேட்டியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். "எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேக்குறேன். அது பத்தாதா?" என்றாள்.

கடை அலமாரியில் ரிப்பேருக்கு வந்த போன்கள் நாற்பது கிடந்தன. பூட்டைத் திறக்கும் எண்ணைச் சொந்தக்காரர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாகவதருக்குப் புத்தி கோணலாகப் போயிற்று.

சத்தத்தை அடைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தன் பாட்டை ஓடவிட்டார். அரை நிமிடம் ஓடினாலே ஒன்று என்று கணக்கு ஏறும். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பேராசை கூடாது என்பது அவர் கொள்கை.

"இன்னுமா ரெடியாகல?" என்று வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள்.

"பேட்டரி நிக்குதான்னு பாத்துட்டிருக்கேன்" என்றார். அப்பா மூட்டை தூக்கி மானமாகப் பிழைத்தவர். மகன் நாற்பது போனைத் தூக்கித் தூக்கி வைத்துத் திருடினார்.

பத்தே நாளில் எழுநூறைத் தாண்டியது. பெருக்கிப் பார்த்தால் எங்கோ இடித்தது. கூடுதலாக வருகிற கணக்கை யார் பெருக்கிப் பார்க்கிறார்கள்?

பதினோராம் நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க பாட்டைப் பொய்யா ஓட விடுறாங்க. விசாரிச்சுட்டுப் பாட்டையே எடுத்துடுவோம்."

பாகவதர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், அது எங்கப்பா பாட்டு. அதை மட்டும் எடுத்துடாதீங்க. அந்த நாப்பது போனும்..."

"அந்த நாப்பதையும் பாத்துட்டோம். சுத்தமா இருக்கு. அரை நிமிஷம் கேக்குறாங்க, போதும்னு ஓடிடுறாங்க. ஜனங்க அப்படித்தான் கேப்பாங்க. நான் சொல்றது நாப்பத்தோராவது போன். தினம் இருபது தடவை, கடைசி வரி வரைக்கும் முழுசா ஓடுது. சார், தப்பா நினைக்காதீங்க, நானும் ஒரு தடவை கேட்டேன். மனுஷங்களால முடியாது. ஏதோ மெஷின்தான். உங்களுக்கு ஆகாதவங்க யாராவது மாட்டிவிடப் பாக்குறாங்களா?"

பாகவதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கீபோர்டுக்காரன் முகமும் வந்தது. குரல் தகரம் மாதிரி இருக்கிறது என்று சொன்னதற்காக, பாட்டு ரெக்கார்டிங்கில் பாதியிலேயே அவர் வெளியே தள்ளிய ஆள்.

"இருக்கான் மேடம். அவன் வேலைதான். அந்தப் போனை விடாதீங்க. இனி என் பாட்டு அதுல ஒரு வரி கூட ஓடக்கூடாது."

"இப்பவே வெட்டிடுறோம். உங்க பாட்டு இருக்கும் சார்."

அன்று கடையில் அவர் வாய்விட்டுப் பாடினார். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். காதில் மாட்டியிருந்த இயர்போனைப் பிடுங்கி, போனோடு சேர்த்து மேஜைமேல் வைத்தாள்.

"பத்து நாளா உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டுதான் காலர் தைக்கிறேன், இன்னிக்கு மத்தியானத்துல இருந்து பாடவே மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றாள்.